அளவு மீறிய மருந்தும் ஊரின் கடமையும்

திருத்தணிகை மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, ஆர்.கே. பேட்டை வட்டாரத்தில் அமைந்துள்ள நெசவூர் அம்மையார்குப்பம். கைத்தறியால் வாழ்ந்து, பின்னர் விசைத்தறியையும் ஏற்றுக்கொண்ட ஊர் அது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே தெருவில் வழங்கும். அத்தகைய ஓர் எல்லையூரை மனத்தில் நிறுத்தி, போதை மருந்து அளவு மீறுவதால் நேரும் சாவை ஓர் ஊர் எவ்வாறு தடுக்கலாம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய விழைகிறோம். அவ்வூரின்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. இன்று தமிழகத்தின் எந்த ஊரும் இக்கேட்டிலிருந்து தான் தப்பிவிட்டதாக மார்தட்ட இயலாது. எல்லையில் பிறந்து, எல்லைக்கோடு மாறுவதையும் சட்டங்கள் மாறுவதையும் கண்ட ஊர் என்பதாலேயே அதனை எடுத்துக்கொண்டோம். அந்த அனுபவத்தில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

பேரறிஞரின் இறுதி நோய்

மருந்தின் அளவு பற்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் இப்னு சீனாவைத் தவிர்க்க முடியாது. புகாராவுக்கு அருகே கி.பி. 980இல் பிறந்த அப்பேரறிஞர் இயற்றிய ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூல், இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் பாடமாயிருந்தது. உணர்வை மரக்கச் செய்யும் மருந்துகளுள் ஆற்றல் மிக்கது அபின் என்று அந்நூலில் அவர் எழுதினார்.

அவருடைய இறுதி நோயைப் பற்றி அவர்தம் மாணவர் அல்ஜூஸ்ஜானி எழுதி வைத்துள்ள குறிப்பு, படிப்போர் நெஞ்சைத் தொடுவது. படையெடுப்பொன்றில் மன்னரோடு சென்றபோது இப்னு சீனாவுக்குக் கடும் வயிற்று நோய் கண்டது. மருந்தில் இரண்டு தானக் அளவு செலரி விதை சேர்க்குமாறு அவர் பணித்தார். உடனிருந்த மருத்துவர்களுள் ஒருவர் ஐந்து திர்ஹம் அளவு சேர்த்துவிட்டார். ஆறு தானக் ஒரு திர்ஹம் என்று கொண்டால், இது சொன்ன அளவைப்போல் பதினைந்து மடங்காகும். குடற்புண் மிகுந்தது. வலிப்பு நோய்க்காக அவர் உண்ட மற்றொரு மருந்தில், அவருடைய பொருளைத் திருடியிருந்த பணியாளர் சிலர் மிகுதியான அபினைக் கலந்துவிட்டனர் என்றும் மாணவர் எழுதுகிறார். ஓரளவு தேறி, மீண்டும் நோயுற்று, ஹிஜ்ரி 428இல், அதாவது கி.பி. 1037இல், ஹமதானில் அவர் மறைந்தார். உலகுக்கே மருந்தின் அளவைக் கற்பித்தவரின் உடலைக் குலைத்தவற்றுள் அளவு மீறிய மருந்தும் ஒன்று. அறிவு ஒருவரிடம் இருந்தால் மட்டும் போதாது. அவரைச் சுற்றியிருப்போரிடமும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

அவர் காலத்தவரே அல்பீரூனீ. இந்தியாவைப் பற்றிய அரிய நூலால் நம் நாட்டவர்க்கு நன்கு அறிமுகமான அவர், மருந்துகளைப் பற்றிய தம் நூலில் ஒரு நுட்பத்தைக் குறித்து வைத்தார். வெப்ப நாடுகளில் வாழ்வோர் சிலர் துயர் மறக்கவும் உறக்கம் பெறவும் அபினை நாள்தோறும் உண்ணப் பழகுகின்றனர். சிறிதாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, பிறரைக் கொல்லும் அளவுவரை சென்றுவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. உடலின் இந்தப் பழக்கத்தை இன்றைய மருத்துவமும் முதற்பாடமாகக் கொள்கிறது. பழகிய உடல் தாங்கியதைப் பழக்கம் விட்ட உடல் தாங்காது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டில் ஈரானின் இமாதுத்தீன் ஷீராஸீ என்னும் மருத்துவர் அபினைப் பற்றியே தனி நூலொன்று எழுதினார். தாமும் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்த அவர், அதிலிருந்து படிப்படியாக விடுபடும் வழிகளையும் அதில் ஆராய்ந்தார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அபினாலும் மதுவாலும் எலும்புக்கூடாகித் தம் முன் கொண்டுவரப்பட்ட இனாயத் கான் என்னும் அரசவை அலுவலரைக் கண்டு திடுக்கிட்டு, 1618இல் அவரை ஓவியமாகத் தீட்டச் செய்தார். அவ்வோவியம் இன்றும் உலகின் தலைசிறந்த முகலாய ஓவியங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஷீராஸீ நோயாளியைக் கண்டார். அரசவை காட்சியைக் கண்டது. இவ்விரு பார்வைகளும் இன்றுவரை நம்மிடையே இருக்கின்றன.

செடியிலிருந்து ஊசிக்கு

அபின் இலையில் மடித்து விற்கப்பட்ட காலத்தில் மிகையளவுச் சாவு இல்லாமல் இல்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சாவை விரைவுபடுத்திவிட்டது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். 1853இல் ஸ்காட்லாந்தின் அலெக்சாந்தர் உட் தோலடியில் மருந்தேற்றும் ஊசியைப் பயன்படுத்தினார். 1898இல் ஹெராயின் இருமல் மருந்தாகக் கடைக்கு வந்தது. வலியால் துடித்த கோடிக்கணக்கானோர்க்கு இவற்றுள் சில அருமருந்தாயின. ஆனால் வயிற்றின் வழியே மெல்லச் சென்ற பொருள் நொடிப்பொழுதில் குருதியில் கலக்கும் வழியும் அதனோடு பிறந்தது.

நம் நாட்டிலோ அபின் அரசின் வருவாயாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1773 முதல் வங்காள அபினைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. 1893இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1895இல் அளித்த அறிக்கையில், இந்தியாவில் அபினைத் தடை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடிவு கூறிற்று. சென்னை மாகாணத்தில் அபின் வழக்கம் பெரிதும் வடக்கே, கோதாவரி, விசாகப்பட்டினம் பகுதிகளின் மலைச்சாரல்களிலேயே இருந்தது; காய்ச்சலுக்குக் காப்பு என்று மக்கள் அதனை உண்டனர். பம்பாய் ஆலைகளில் உழைத்த பெண்கள் குழந்தை அழாதிருக்க அபின் உருண்டை கொடுத்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பசியும் உழைப்பும் வலியும் இருந்த இடத்திலேதான் அபின் வேர்விட்டது. விடுதலைக்குப் பின் 1949இல் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, மருத்துவம் அல்லாத பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து ஒழிப்பதென முடிவு செய்தது. 1959இல் அது நடைமுறைக்கு வந்தது. 1985இல் இன்றுள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பிறந்தது.

கோடு மாறியது, கேடு மாறவில்லை

இனி எல்லையூருக்கு வருவோம். அம்மையார்குப்பம் வட்டாரம் பழைய சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1938 அக்டோபரில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. அடுத்திருந்த வட ஆர்க்காட்டுக்கு வந்தது 1939 அக்டோபரில். ஆக, ஓராண்டுக் காலம் மாவட்டக் கோட்டின் இந்தப் பக்கம் கடை மூடியும், நடந்து சென்றுவிடக்கூடிய அந்தப் பக்கம் கடை திறந்தும் இருந்த காட்சியை இவ்வட்டாரம் கண்டது.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதனோடு சென்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆந்திரத்தின் பிரகாசம் அமைச்சரவை கவிழ்ந்ததே மதுவிலக்குச் சிக்கலை முன்னிட்டுத்தான். மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் வழங்கிய பரிந்துரையின்படியும், திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. முதலில் செங்கற்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம் என்று முகவரி மாறிற்று. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டது, பின்னர் மீண்டும் போயிற்று. ஒரே தறியில் அமர்ந்து நெய்த ஒருவர், தம் வாழ்நாளில் மூன்று மாவட்டங்களையும் இரு மாநிலங்களையும் எத்தனையோ சட்டங்களையும் கண்டிருக்கக்கூடும்.

சட்டம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. கடையை மூடுவதும், கடத்துவோரைப் பிடிப்பதும் அரசின் கடமை. திருத்தணியை அடுத்த பொன்பாடிச் சோதனைச் சாவடியில் கஞ்சா பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம்; அக்காவல் தொடர்தல் வேண்டும். ஆயினும் ஒரு கதவு மூடப்பட்டால் மற்றொரு கதவு திறக்கப்படுகிறது என்பதையும் வரலாறு காட்டுகிறது. திராமடால் என்னும் வலி நிவாரண மருந்து 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. பின்னர் டேபன்டடால் என்னும் வேறொரு வலி மாத்திரை தவறான கைகளுக்குப் போய்ச் சேரலாயிற்று. அறுவை சிகிச்சைக்கும் கடும் வலிக்கும் மருத்துவர் எழுதித் தரவேண்டிய மாத்திரையை நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் உயிரிழந்த செய்திகள் அண்மை ஆண்டுகளில் தமிழகத்திலிருந்தே வந்துள்ளன.

2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வு, அபின் இனப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2 கோடியே 26 இலட்சம் பேர் எனக் கணக்கிட்டது. மருந்தாக விற்கப்படும் அவ்வின மாத்திரைகளைத் தகாத முறையில் கொள்வோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். இது எங்கோ தொலைவில் நடக்கும் செய்தியன்று.

சாவு எப்படி வருகிறது?

அபின் இனப் பொருள் எதுவாயினும், அளவு மீறும்போது மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை அது உறங்கச் செய்துவிடுகிறது. மூச்சு மெலிகிறது, இடைவெளி நீள்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்கின்றன, கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது, தொண்டையில் குறட்டைபோன்ற களகளப்பு எழுகிறது. ‘அசந்து தூங்குகிறான், எழுப்பாதீர்கள்’ என்று வீட்டார் கதவைச் சாத்துவது பெரும்பாலும் இந்நேரத்தில்தான். மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேருமாயின் கேடு பன்மடங்காகும்.

அல்பீரூனீயின் குறிப்புக்கு இப்போது திரும்புவோம். எவர் மிகுதியும் சாகிறார்? நாள்தோறும் உண்போரைக் காட்டிலும், சில காலம் நிறுத்தியிருந்து மீண்டும் பழைய அளவையே எடுப்போர்க்கு இடர் மிகுதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மிகையளவால் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களுக்கு உள்ளதைப்போல் 129 மடங்கு என்று அது கண்டது. மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்புவோர்க்கும் இவ்விடர் உண்டு. மகன் திருந்தி வந்துவிட்டான் என்று ஊர் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த இரண்டு வாரங்களே, அவனுக்கு மிக நெருக்கமான துணை வேண்டிய வாரங்கள்.

மீட்கும் மருந்தும் மீட்கும் மனிதரும்

இச்சாவுக்கு மாற்று உண்டு. நலாக்ஸோன் என்னும் மருந்து, மூளையில் அபின் பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதனை விலக்கி, சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத் தருகிறது. 1961இல் அமெரிக்காவில் ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் ஆகியோர் இதற்குக் காப்புரிமை கோரினர். 1971இல் அங்கே இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இம்மருந்தின் வரலாற்றில் நெஞ்சை உலுக்கும் ஓர் ஏடும் உண்டு. ஃபிஷ்மனின் மனைவியின் மகன் 2003இல் ஹெராயின் மிகையளவால் இறந்தார். மருந்தைக் கண்டவரின் குடும்பத்திலேயே, தேவைப்பட்ட நேரத்தில் அது கைக்கெட்டவில்லை. இப்னு சீனாவின் நோய்ப்படுக்கை நமக்குச் சொன்னதையே இதுவும் சொல்கிறது.

இதனை உணர்ந்தவர்கள் மருந்தை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தார்கள். சிகாகோவில் 1996 முதல் தொண்டர்கள் இதனைப் போதைப் பழக்கம் உள்ளோரிடமே கொடுத்துப் பயிற்சியளித்தனர். நம் நாட்டில் வழிகாட்டியது மணிப்பூர். பர்மிய எல்லையில் அமைந்த அம்மாநிலத்தில் 1980களில் ஹெராயின் புகுந்தது. ஊசியின் வழியே எய்ட்ஸ் கிருமியும் பரவியது. 1991இல் இம்பாலில், அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே கூடி சாசோ என்னும் தொண்டு அமைப்பை உருவாக்கினர். பின்னாளில் மிகையளவில் மூச்சு நின்றவர்களை மீட்கும் பணியும் அங்கே வேரூன்றியது. மீண்டவர் மீட்பவரானார்.

2014இல் உலக சுகாதார நிறுவனம், மிகையளவைக் காணக்கூடிய எவரும், குடும்பத்தாரும் நண்பரும் உட்பட, இம்மருந்தையும் பயிற்சியையும் பெறவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதனையொட்டிக் கஸகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரைன் ஆகிய நாடுகளில் 14,000க்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். அவர்கள் மருந்து கொடுத்த நிகழ்வுகளில் ஏறத்தாழ எல்லோருமே பிழைத்தனர். இப்னு சீனாவைத் தம்மவர் எனப் போற்றும் தஜிக் மக்களிடையே, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அண்டை வீட்டார் உயிர் மீட்கக் கற்றுக்கொண்டனர்.

தமிழகத்திலும் ஊர் கூடிச் செய்த முன்மாதிரி இல்லாமலில்லை. கணவரைக் குடிப்பழக்கத்தால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் ஊராரின் துணையோடு மதுப்பழக்க மீட்பு முகாம்களை நடத்தியது. நோயாளி நகரத்துக்குச் சென்று மறைந்து சிகிச்சை பெறுவதற்கு மாறாக, ஊரே அவரைத் தாங்கிக்கொள்ளும் வழி அது.

அச்சமே முதற்பகை

இவ்வளவு வழியிருந்தும் உயிர் ஏன் போகிறது? உடனிருப்போர் அஞ்சி ஓடுகின்றனர். காவல் நிலையம், வழக்கு, ஊரின் ஏளனம், தங்கையின் திருமணம் என்று ஆயிரம் அச்சங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதுவும் உடனே கொல்லும் நஞ்சன்று. விரைந்து சேர்த்தால் காக்கும் மருந்துண்டு. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சாவின் பக்கம் சேர்கிறது.

சட்டத்திலும் கருணைக்கு இடமுண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவுக்காக வழக்குக்குள்ளான பழக்க அடிமை தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுவாராயின், அவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவரைக் காப்போர்க்கு 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. மிகையளவில் வீழ்ந்தவருக்காக உதவி அழைப்போரைக் காக்கும் சட்டத்தை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல் இயற்றியது. அத்தகைய பாதுகாப்பு நம் நாட்டிலும் தெளிவான சொற்களில் எழுதப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

சட்டம் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டுவதில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கோயில் விழாக் குழு, பள்ளிவாசல் ஜமாஅத், பள்ளிக்கூடம், மருந்துக்கடை ஆகிய அனைத்தும் எல்லையூர்களில் இருக்கின்றன. இவை கூடி ஒரு மாலைப்பொழுதில் இவற்றைக் கற்பிக்கலாம்: எழுப்பினால் எழாதவரை உறங்குபவர் என்று விடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, மார்பெலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். விழிக்கவில்லையெனில் உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் தலையைச் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் உப்பு நீரும் ஊற்றாதீர்கள். அவை நுரையீரலுக்குள் போகும். என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நலாக்ஸோன் கொடுத்து விழித்தவரையும் மருத்துவமனையில் வைத்திருங்கள். அம்மருந்தின் ஆற்றல் ஒரு மணி நேர அளவில் குறையும், உள்ளிருக்கும் நஞ்சு அதனினும் நீடிக்கலாம். மருந்துக்கடைக்காரர் மருத்துவர் சீட்டின்றி வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் தராதிருக்கட்டும். பழக்கத்திலிருந்து விடுபட விழைவோர்க்கு 14446 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு தறிக்கூடச் சுவரிலும் எழுதி வைக்கலாம். அரசும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் நலாக்ஸோன் எந்நேரமும் இருப்பதை உறுதி செய்தல் வேண்டும்.

இவையெல்லாம் போதைக்கு இடங்கொடுப்பதாகாதா என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் விடை இது: இறந்தவனைத் திருத்த எவராலும் இயலாது. உயிரோடு இருப்பவனுக்கே நாளை என்று ஒன்று உண்டு. ஆந்திரம் என்றும் தமிழகம் என்றும் கோடுகள் மாறியபோதெல்லாம் மாறாமல் நின்றவர் பக்கத்து வீட்டாரே. ஆம்புலன்சு வருவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் ஓர் உயிர் நிற்பதும் போவதும் அவர் கையில் இருக்கிறது. அக்கைகள் அறிந்த கைகளாக இருக்கட்டும்.